இரும்புக் குதிரையின் கடைசி ஒத்திகை

காஞ்சிபுரம்
22-4-1973

மரியாதைக்குரிய தேவசகாயம் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அம்சவேணி. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நானும் உங்களைப் பார்த்ததில்லை.

போன வாரம் கடையிலிருந்து பொட்டுக்கடலை சுற்றி வந்த காகிதம் உங்கள் நோட்டீஸ். 'அயர்ன் ஹார்ஸ் (இரும்புக் குதிரை) இசைக் குழுவினரின் இறுதி நிகழ்ச்சி' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே உங்கள் அரக்கோணம் விலாசம் இருந்தது. தேதி இருந்த பக்கம் கிழிந்து போய்விட்டது. விலாசம் கிழியாமல் இருந்ததால்தான் எழுதுகிறேன்.

அப்பாதுரை அவர்களுடைய பழைய சாயக் கொட்டகையில் நீங்கள் ஐந்தரை வருஷம் வாசித்தீர்கள் அல்லவா. அதன் பின்சுவர்தான் எங்கள் தறி இருக்கும் அறையின் சுவர். அப்பா சேலையின் உடலை நெய்து, பலகையை இழுத்து ஒவ்வொரு இழையையும் அடித்து இறுக்குவார். நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை எறிவேன். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு இழைக்கும் இரண்டையும் கோர்த்துவிட வேண்டும். அதுதான் என் வேலை. ஐந்தாவது முடித்ததும் அதற்காக என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்திய அதே மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் வந்தீர்கள்.

அதனால் உங்கள் நாலு பேரையும் எனக்குத் தெரியும். பாடுகிறவர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை இருமுவார். டிரம் அடிப்பவர் கோபம் வந்தால் பேசமாட்டார், குச்சிகளைக் கீழே வைப்பார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தடித்த கம்பி வாசிப்பவர் சிரிப்பது சுவரைத் தாண்டி வரும். நீங்கள் "மறுபடி முதல்ல இருந்து" என்பீர்கள். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது தடவை.

உங்கள் கிதாரில் கிழிந்த மாதிரி ஒரு சத்தம் வரும். நல்ல பட்டுத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தால் அப்படித்தான் இருக்கும். நாங்கள் பட்டைக் கிழிக்கக் கூடாது. அதனால்தானோ என்னவோ எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

நான் கேட்க நினைத்தது இதுதான். ஒரு பாட்டு இருக்கிறது. மெதுவாக ஆரம்பித்து, போகப்போக வேகம் பிடித்து, சுவர் அதிரும். எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடும். நீங்கள் மறுபடி முதல்ல இருந்து என்பீர்கள். நீங்கள் கொட்டகையில் இருந்தவரை அதன் முடிவை நான் கேட்டதே இல்லை. அது எப்படி முடியும்? இறுதி நிகழ்ச்சி என்பது நிஜமா?

பதில் எழுதினால், ஐயம்பேட்டையில் இருக்கும் என் அக்கா லோகாம்பாள் பெயருக்கு எழுதுங்கள். விலாசம் பின்னால் இருக்கிறது. அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், யாரிடமும் சொல்லமாட்டாள்.

உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளில் இடம் இல்லை.

இப்படிக்கு,
ச. அம்சவேணி

இடம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.


அரக்கோணம்
3-5-1973

அம்சவேணிக்கு,

என் கடைசித் தங்கைக்கும் உன் வயதுதான் இருக்கும். ஆகவே 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

முதலில் இது உமாபதியின் விளையாட்டு என்று நினைத்தேன். இருமுகிறவன் அவன்தான். பெண் பெயரில் கடிதம் எழுதி அனுப்பக் கூடியவன். பிறகு அந்தக் குச்சியைக் கீழே வைக்கும் சத்தம் பற்றிய வரியைப் படித்தேன். அது உமாபதிக்குத் தெரியாது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. கல்யாண வீட்டில் வாசித்தால் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்குப் போவார்கள். காலேஜில் வாசித்தால் பையன்கள் சினிமாப் பாட்டு கேட்பார்கள். அந்தக் கிழிந்த சத்தம் பற்றிச் சொன்னாயே, அது எலி செய்த வேலை. தடித்த கம்பி வாசிக்கும் வேலாயுதத்தின் ரேடியோ ரிப்பேர் கடையில் செய்த பெட்டி அது. கொட்டகையில் எலி ஸ்பீக்கர் பேப்பரைக் கடித்துவிட்டது. மறுநாள் கச்சேரி, மாற்ற நேரமில்லை. வாசித்தோம். எங்கள் நாலு பேருக்கும் பிடித்துவிட்டது. மாற்றவே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் "மைக் சரியில்லபா" என்றார்கள். ஏழு வருஷத்தில் அது நன்றாயிருந்தது என்று சொன்ன முதல் ஆள் நீ.

ஆமாம், முடிந்தது. 'இறுதி' என்று போட்டால் கூட்டம் வரும் என்றுதான் வேலாயுதம் போடச் சொன்னான். ஆனால் உண்மையும் அதுதான்.

அந்தத் தெருவில்தானே இருக்கிறாய், கொட்டகை எப்படிப் போனது என்று உனக்கும் தெரிந்திருக்கும். டிரம் அதிர்ந்து தறி ஆடி யாருடைய முகூர்த்தச் சேலையோ கெட்டதாம். தெருவே திரண்டு போய் அப்பாதுரை வீட்டு வாசலில் நின்றது. மறுநாள் பூட்டு. அதன்பிறகு ஓரிக்கையில் பாலாற்றங்கரை மாந்தோப்பு. கரண்ட் கிடையாது, காற்று சத்தத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அப்புறம் ஒரு ரைஸ்மில் கிடங்கு. தவிட்டுத் தூசியில் உமாபதிக்கு இருமலைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கும் ஓர் ஆள் குறைந்தான். நான் இங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வாரம் ஆறு நாள் இரும்பு அடிக்கிற சத்தம். ஏழாவது நாளும் சத்தத்தைத் தேடி பஸ் ஏற வேண்டும். கால் வரவில்லை.

தர்மன், டிரம் அடிப்பவன், பொங்கலிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. ஒருநாள் ஆத்திரத்தில், "உன் டிரம்மாலதாண்டா நம்ம கொட்டகை போச்சு" என்று சொல்லிவிட்டேன். அவன் குச்சியைக் கீழே வைத்தான்.

ஜூன் 3, ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணி. இடம் பாஸில் இருக்கிறது. பெண்கள் பகுதிக்கு இரண்டு பாஸ் வைத்திருக்கிறேன். அக்காவுடன் வா. தர்மனும் வருகிறான், கடைசி ஒன்று என்பதால்.

நீ கேட்ட பாட்டை நாங்கள் 'கூட்ஸ்' என்போம். கூட்ஸ் வண்டி கிளம்புகிற மாதிரி இருப்பதால். அது எப்படி முடியும் என்பதை வந்து கேள்.

தேவசகாயம்


காஞ்சிபுரம்
8-6-1973

அண்ணாவுக்கு,

அப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தை அக்கா ரவிக்கைக்குள் மறைத்து எடுத்துவந்தாள். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தாள். "ஏண்டி, இத்தினி வருசமா செவுத்தோட குடித்தனம் பண்ணிக்கினு இருந்தியா நீ?" என்று கேட்டாள். பிறகு இரண்டு பாஸையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான் வரவில்லை. அப்பாவிடம் கேட்கவே இல்லை. வேண்டாம் என்பார் என்று பயந்து அல்ல. "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். உங்கள் எதிரில் வந்து உட்கார என்னால் முடியாது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் அர்ஜுனன் மாமா மட்டும் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போயிருந்தார். மறுநாள் வந்து சொன்னார். "ரெண்டே ரெண்டு பாட்டுமா. மூணாவது எடுக்கங்காட்டியும் கரண்ட்டு பூட்ச்சி. அரை மணி நேரம் இருட்டுல ஒக்காந்துக்கினு இருந்தோம். அப்புறம் அவங்கவங்க எழுந்து போய்ட்டாங்க. மேடைல அந்த நாலு பேரும் மட்டும் நின்னுக்கினு இருந்தாங்க."

அண்ணா, அந்த முகூர்த்தச் சேலை எங்களுடையது. இந்த வருஷத் தை இல்லை, போன வருஷம் தை. அரக்கு உடல், பச்சைக் கரை. சாயங்காலம் நீங்கள் கூட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தீர்கள். எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. ஆனால் அன்று நீங்கள் மறுபடி முதல்ல இருந்து என்று சொல்லவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை. நீங்கள் எல்லோரும் டீ குடிக்கப் போயிருக்கலாம். நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காது முழுக்க சுவரில் இருந்தது. கை தானாக நாடாவை எறிந்தது. கோர்க்கவில்லை. எட்டுப் பத்து இழை அப்படியே போய்விட்டது.

முதலாளி வீட்டில் சேலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது, உடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்ததாம். கல்யாண வீட்டுக்காரர்கள், சேர வேண்டிய இடத்தில் பிரிந்து நிற்கும் சேலை மணமேடைக்கு ஆகாது என்று திருப்பிவிட்டார்கள். அப்பா சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் கேட்டார். "எப்பிடிம்மா கோர்வ தப்பிச்சு?"

நான் சொன்னேன், "அவுங்க டிரம் அடிச்சாங்கப்பா. தறி ஆடிச்சு. கை தப்பிடுச்சு."

டிரம் அடிக்கவில்லை. அப்போது ஒரு சத்தமும் இல்லை.

அப்பா என்னை அடிக்கிறவர் இல்லை. ஆனால் அம்மாவிடம், "இவள நம்பி ஒரு பக்கத்தக் குடுத்துட்டேனே" என்பார். அதைக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அவர் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் ஆள் சேர்ப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. பூட்டு போட்ட சத்தத்தையும் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தர்மன் அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் மேல் தப்பு இல்லை.

அம்சவேணி


அரக்கோணம்
15-6-1973

அம்சவேணி,

கடிதம் கிடைத்தது.

பதினாறு மாதம். மாந்தோப்பு, ரைஸ்மில், அங்கே இங்கே என்று பெட்டியைத் தலையில் சுமந்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் தர்மன் டிரம்முக்கு அடியில் சாக்கு மடித்துப் போடுவான், அதிரக் கூடாது என்று. சாக்கு போட்டால் டிரம் செத்துப்போகும். தெரிந்துதான் போட்டான்.

நான் அவனிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சின்னப் பெண் நீ.

கரண்ட் போனபோது நாங்கள் எடுக்க இருந்தது கூட்ஸ்தான்.

இனி எழுத வேண்டாம்.

தே.


காஞ்சிபுரம்
8-7-1973

அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படியுங்கள். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை. வேறு எங்கேயும் எனக்குப் பேச வராது, தறியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்க முடியாது, நானும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது, இரண்டு பேரும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். டிரம் அடிக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அப்பா மேலும் பத்து இழை நெய்தார். பிறகு கேட்டார்.

"பலகைய இழுத்து அடிக்கிறது யாரு?"

"நீங்கப்பா."

"அடிச்ச இழையக் கண்ணால பாக்க வேண்டியது யாரு?"

"நீங்கப்பா."

"எட்டு இழை கோர்வ இல்லாம போயிருக்குது. எனக்குத் தெரியலையே. நான் அப்போ எங்க பாத்துக்கினு இருந்தேன்?"

நான் அடுத்த நாடாவை எறிந்தேன். அன்று முழுக்க வேறு பேச்சே இல்லை. அம்மா, "என்னா, அப்பனும் பொண்ணும் மௌன விரதமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அப்பாதுரை வீட்டுக்குப் போனார். வெகு நேரம் கழித்து வந்தார். "ஆடி அமாவாச ஞாயித்துக்கெழமல வருது. காலைல இருந்து வெளக்கு வெக்கிற வரைக்கும் கொட்டாய தெறந்து உடச் சொல்லி இருக்கிறேன். அந்த ஒருநாளு. எழுதிப் போடு அந்தப் புள்ளைங்களுக்கு" என்றார்.

நான் உங்களுக்கு எழுதியது அவருக்கு எப்படித் தெரியும் என்று புரியவில்லை. அக்காவாகத்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஒருவரும் நாடாவைத் தொடமாட்டார்கள். எவ்வளவு அதிர்ந்தாலும் கெட்டுப்போக அன்று ஒரு சேலையும் தறியில் ஓடாது. சாக்கு மடித்துப் போட வேண்டாம் என்று தர்மன் அண்ணாவிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "செத்தவங்களுக்குப் படையல் போடுற நாள்ல இரும்புக் குதிரையா?" என்றாள். அப்பா, "போறவங்களுக்குத்தான படையலு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நேற்று கொட்டகையைப் பெருக்கப் போனேன். முதல் தடவையாக உள்ளே கால் வைத்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட ரொம்பச் சின்ன இடம். நாலு பேர் எப்படி நின்றீர்கள். தரையில் டிரம்மின் மூன்று கால்களும் பதிந்த குழி அப்படியே இருக்கிறது. அதில் மண் விழுந்திருந்தது, விரலால் எடுத்துவிட்டேன். ஓர் உடைந்த குச்சி கிடைத்தது. கேட்டால் தந்துவிடுகிறேன்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்றால் பதில் வேண்டாம். கொட்டகை அன்று எப்படியும் திறந்திருக்கும்.

அம்சவேணி


அரக்கோணம்
20-7-1973

அம்சவேணிக்கு,

உன் கடைசி இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு போன ஞாயிறு ஏனாத்தூர் போனேன். தர்மன் இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறான். வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வா என்று சொல்லவில்லை. நின்றபடியே இரண்டு கடிதத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டான். பிறகு, "அப்போ நான் அடிக்காதப்போ கெட்டுப்போச்சா சேல?" என்றான். "அடிச்சாலும் என் மேல பழி. அடிக்கலன்னாலும் என் மேல பழி. நல்லா இருக்குதுபா நாயம்." சிரித்துவிட்டான். மாடு மிரண்டு வாளியைக் கவிழ்த்தது.

உடனே சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் உடு" என்றான், அந்த 'உடு'வில் மன்னிப்பு இல்லை. ஆனால் வருகிறான். "ஒனக்காக வரல. அந்தப் பொண்ணு குழிய சுத்தம் பண்ணிச்சாமே, அதுக்காக வரேன்" என்றான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். அந்த வரி வரமாட்டேன் என்கிறது. கோபம் என்றும் சொல்ல முடியவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கொட்டகை இருந்திருந்தாலும் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருப்போம். என் வலது காதில் இப்போது எந்நேரமும் ஓர் இரைச்சல். வேலாயுதம் கடையை விற்றுவிட்டு பெங்களூர் போகிறான். உமாபதிக்குத் தொண்டையில் என்னவோ, டாக்டர் கத்தக் கூடாது என்கிறார். எல்லாவற்றுக்கும் உன் பொய்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சுலபம். அதனால்தான் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

கூட்ஸ் பற்றி உனக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும். அதற்கு முடிவே கிடையாது. நாலு பேரும் நாலு விதமாக முடிக்கச் சொல்வோம், சண்டை வரும், மறுபடி முதலிலிருந்து எடுப்போம். மேடையில் அந்த இடம் வந்ததும் சட்டென்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவோம். யாரும் கண்டுபிடித்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முடிவுக்காகக் காத்திருந்தாள் என்று தெரிந்திருந்தால் ஒன்று போட்டு வைத்திருப்போம்.

29-ம் தேதி வருகிறோம். நீ கொட்டகைக்கு வர வேண்டாம். உனக்குக் கூச்சம் என்று தெரிகிறது. எங்களுக்கும்தான். நீ மனசில் வைத்திருக்கும் நாலு பேர் நாங்கள் இல்லை, ஒருத்தனுக்கு வழுக்கை, ஒருத்தனுக்குத் தொப்பை. உன் இடத்திலேயே இரு. கேட்டதை எழுது. கடைசியாக ஒரே ஒரு தடவை, அந்தப் பக்கத்தில் எப்படிக் கேட்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

குச்சியை வைத்துக்கொள். தர்மன் சொன்னான்.

தேவசகாயம்


காஞ்சிபுரம்
31-7-1973

அண்ணாவுக்கும், மற்ற மூன்று அண்ணன்களுக்கும்,

கேட்டதை எழுதச் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கும்போதே எழுதுகிறேன்.

நீங்கள் வந்தபோது அப்பா குளத்தில் தர்ப்பணம் முடித்துத் திரும்பவில்லை. முதலில் வண்டி நிற்கிற சத்தம். பிறகு வேலாயுதம் அண்ணா சிரித்தார். உள்ளே வந்து பெட்டியை இறக்கி வைத்தீர்கள். அப்புறம் வைக்கோல் எரிகிற வாசனை வந்தது. டிரம் தோல் தளர்ந்திருக்கும், சூடு காட்டுகிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அம்மா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு எங்களுக்கு இலை போட்டாள். அந்த நேரத்தில்தான் உமாபதி அண்ணா இருமினார். இரண்டு தடவை. அப்பா வடையை இலையிலேயே வைத்துவிட்டார்.

சாப்பிட்டதும் நான் தறியில் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். அமாவாசை என்பதால் தறியைத் தொடவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா வந்து கதவு ஓரம் நின்றாள். எங்களைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "ரெண்டு பேரும் டென்ட் கொட்டாய்ல தரை டிக்கட்டு எடுத்தவங்க மாதிரி ஒக்காந்துக்கினு இருக்கிறீங்க" என்றாள். "சும்மா இருடி" என்றார் அப்பா.

சத்தம் முன்பு போல இல்லை. ஒன்றரை வருஷம் அந்தக் கொட்டகையில் வாசிக்காததால் இருக்கலாம். முதல் இரண்டு பாட்டில் நீங்கள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தீர்கள். உமாபதி அண்ணாவின் குரல் மேலே போக வேண்டிய இடத்தில் போகவில்லை. நீங்கள் அந்த இடங்களில் கிதாரை உயர்த்திக்கொண்டது தெரிந்தது. கிழிந்த சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அது வந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா பார்க்காத மாதிரி இருந்தார்.

மறுபடி முதல்ல இருந்து என்று ஏழு தடவை சொன்னீர்கள். எட்டாவது தடவை அதைத் தர்மன் அண்ணா சொன்னார் என்று நினைக்கிறேன். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. குச்சியைக் கீழே வைக்கும் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை.

நடுவில் கரண்ட் போனது. அக்கா, "போச்சுடா" என்றாள். நீங்கள் நிறுத்தவில்லை. டிரம் மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தது, கரண்ட் வரும்வரை.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் கூட்ஸ் எடுத்தீர்கள். அந்த இடம் வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டது. அதற்கப்பால் என்ன இருக்கும் என்று இத்தனை வருஷம் என்னென்னவோ நினைத்திருந்தேன். பெரிதாக ஏதோ வெடிக்கும் என்று. அப்படி ஒன்றும் இல்லை. முதலில் உமாபதி அண்ணாவின் குரல் நின்றது. கொஞ்ச தூரம் போய் வேலாயுதம் அண்ணா நின்றார். பிறகு உங்கள் கிதார். டிரம் மட்டும் தனியாகப் போனது. வண்டி போய்விட்ட பிறகு கடைசிப் பெட்டியின் சத்தம் மட்டும் தண்டவாளத்தில் கேட்கிற மாதிரி, சின்னதாகி, இன்னும் சின்னதாகி, எப்போது நின்றது என்று சொல்ல முடியவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போயிருந்தது.

அப்பாதான் முதலில் கேட்டார்.

"நிறுத்திட்டாங்களா?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"எங்க முடிஞ்சிது? இரும்மா. அந்தப் புள்ள சொல்லும் பாரு, மறுபடி முதல்ல இருந்துன்னு."

நாங்கள் இருந்தோம். அக்காவும் போகாமல் நின்றாள். பெட்டியை நகர்த்துகிற சத்தம் வந்தது. உங்களில் யாரோ தரையைப் பெருக்கினார். வண்டியில் ஏற்றினீர்கள். பூட்டு போடும் சத்தம் வந்தது. இந்தத் தடவை அது ஓங்கிக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் பூட்டினீர்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா விளக்கேற்றி எடுத்து வந்து, "இருட்டுல ஒக்காந்துக்கினு என்னா பண்றீங்க?" என்றாள்.

நேற்று தறி ஓடியது. வேறு சேலை, மாம்பழ நிற உடல், சிவப்புக் கரை. பதினோரு மணி இருக்கும். அப்பா பலகையை இழுத்தவர் அடிக்காமல் நிறுத்தினார். நானும் நாடாவைக் கையில் பிடித்தபடி இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "கோர்த்தியாம்மா?" என்றார்.

"கோர்த்துட்டேன்பா."

குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு அடித்தார்.

அம்சவேணி